அளவு நாடாவோடு தொடங்கட்டும் விடுமுறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் இளம் தம்பதிகளுக்கென்று நாளிதழ் இணைப்புகளில் இரண்டு குறிப்புகள் தவறாமல் இடம்பிடிக்கின்றன. எங்கே போய் வரலாம் என்பது ஒன்று. போன இடத்தில் பொறுக்கி வந்ததை வைத்து என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. கிறிஸ்துமஸை ஒட்டி வரும் குறிப்பு என்றால், செய்ததை ஆலயத்துக்குப் பரிசாகக் கொடுங்கள் என்ற யோசனையும் கூடவே வரும். நல்ல யோசனைதான், படமும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அளவு மட்டும் எங்கும் இருப்பதில்லை. பைன் காய் எவ்வளவு காய வேண்டும், மெழுகுவர்த்தி எத்தனை மணி நேரம் எரியும், துணியை வெட்டும் முன் துவைக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. ஆசை ஆசையாய்ச் செய்து கொடுத்த பொருள் கடைசியில் ஆலய அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. செய்தவர்களிடம் அன்புக்கோ கைத்திறனுக்கோ குறைவில்லை. மெழுகுவர்த்தி அரை சென்டிமீட்டர் தடித்துப்போய் தண்டில் நுழையவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. பரிசு செய்ய நினைக்கும் தம்பதியின் முதல் பயணம் மலைக்கோ கடற்கரைக்கோ இருக்க வேண்டாம். ஒரு அளவு நாடாவும் சின்ன நோட்டும் எடுத்துக்கொண்டு, வழிபாடு இல்லாத ஒரு நாளில், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு ஆலயத்தின் பொருள் அறைக்குப் போகட்டும். அரை மணி நேரம் போதும். மெழுகுவர்த்தித் தண்டுகளின் குழி உள்விட்டம், குழியின் ஆழம், பீடத்தின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், வாசகப் புத்தகத்தின் பக்க உயரம், நட்சத்திரம் தொங்கும் கொக்கிக்கும் மின்விசிறிக்கும் இடையிலுள்ள தூரம், இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். துணிகளில் எவை நைந்திருக்கின்றன, எத்தனை குறைகின்றன என்று பார்க்கலாம். நேரில் கேட்டால்தான் தெரியும் விஷயங்களும் உண்டு. திருவருகைக் காலத்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) ஊதா நிறமா நீலமா, உள்ளே நிஜச் சுடர் ஏற்ற அனுமதி உண்டா, அந்தச் சபையில் ஜெபமாலை வழக்கத்தில் இருக்கிறதா என்பவை அப்படிப்பட்டவை. இந்த நோட்டு கையில் இருந்தால், பிறகு போகும் உலாக்களில் எதைத் தேட வேண்டும், எதை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும்.

எங்களைக் கேட்டால் துணிக்கே முதலிடம் கொடுப்போம். படத்தில் அது எடுபடாது என்பதாலோ என்னவோ, யாரும் அதைப் பற்றி எழுதுவதில்லை. வழிபாட்டில் திராட்சை ரசம் பகிரும் நற்கருணைக் கிண்ணம் துடைக்கும் சிறு துணிக்குத்தான் ஆலயங்களில் எப்போதும் பற்றாக்குறை. ஒவ்வொரு வழிபாட்டிலும் பயன்படுகிறது, ஒவ்வொரு முறையும் துவைக்கப்படுகிறது, அதனால் சீக்கிரம் நைந்துபோகிறது. தைத்து முடித்த பின் 30 சென்டிமீட்டர் சதுரம் என்பது பரவலான அளவு. துணி நூற்றுக்கு நூறு லினனாக (ஆளி நாரில் நெய்தது) இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்தால் இஸ்திரி போடுவது எளிது, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. துடைக்கவே உதவாத துடைக்கும் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லினன் முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்குப் பத்து வரை போகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எனவே வெட்டும் முன் வெந்நீரில் துவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுவிட வேண்டும். ஓரத்தை 6 மில்லிமீட்டராக இரண்டு முறை மடித்துத் தைத்தால் ஒவ்வொரு பக்கமும் 12 மில்லிமீட்டர் போகும். ஆக வெட்ட வேண்டிய அளவு 32.5 சென்டிமீட்டர். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் 110 சென்டிமீட்டர் நீளம் வாங்கினால், பத்து விழுக்காடு சுருங்கினாலும் 135க்கு 99 மிஞ்சும். அகலவாக்கில் நான்கு, நீளவாக்கில் மூன்று என்று பன்னிரண்டு துணிகள் தேறிவிடும். ஒரு மீட்டர் போதும் என்று வாங்கினால் மூன்றாவது வரிசை இடிக்கும், எட்டோடு நின்றுவிடும்.

லினனை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டக் கூடாது. நெசவு கோணலாக ஓடியிருந்தால், நேராக வெட்டியதாகத் தெரிவது இரண்டு சலவைக்குப் பின் சாய்சதுரமாகிவிடும். வெட்ட வேண்டிய இடத்தில் ஓரத்தில் சிறு வெட்டு வெட்டி, ஊசி முனையால் ஒரே ஒரு இழையைக் கிளப்பிப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். துணி அந்த இழையின் மேல் சுருக்கம் சுருக்கமாக ஏறும். அந்தச் சுருக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனால் இழை முழுதாக வெளியே வந்துவிடும். அது இருந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் ஒரு மெல்லிய தடம் தெரியும். அந்தத் தடத்தின் மேலேயே கத்தரி ஓட வேண்டும். இழை நடுவில் அறுந்தால் பதற வேண்டியதில்லை. தடம் நின்ற இடம் வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து அதே இழையின் முனையை மறுபடி கிளப்பலாம். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் துணியை விறைப்பாகப் பிடித்தால்தான் மற்றவர் சுருக்கத்தைத் தள்ள முடியும். கணவன் மனைவி சேர்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்களுக்குத் தோன்றவில்லை.

துடைக்கும் துணியில் நடுச்சதுரத்தில் ஒரு சிறு சிலுவை போதும். நீளவாக்கில் மூன்றாக, குறுக்கே மறுபடி மூன்றாக மடித்தால் அது மேலே வரும். கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அடியில் விரிக்கும் துணி வேறு. அது சுமார் 50 சென்டிமீட்டர் சதுரம். அதில் சிலுவையை நடுவில் போடக் கூடாது, முன் ஓரத்தை ஒட்டி நடுவாக்கில் போட வேண்டும். நடுவில் புடைத்த தையல் இருந்தால் கிண்ணம் அதன் மேல் நின்று ஆடும். சிவப்பு நூலால் தைக்க ஆசைப்பட்டால் முதலில் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலை மறந்துவிட்டு வெள்ளை நூலிலேயே தைத்துவிடுங்கள். துடைக்கும் துணிக்குக் கஞ்சி வேண்டவே வேண்டாம். பீடத்தின் மேல்துணியில் சொட்டிய மெழுகைக் கத்தியால் உடனே சுரண்டினால் இழை அறுந்துவிடும். பனிக்கட்டி வைத்து இறுகவைத்து உதிர்த்து, மிச்சத்தை இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி எடுக்க வேண்டும்.

அடுத்து மெழுகுவர்த்தி. பச்சைத் தழையில் கட்டி ஞாயிறுக்கு ஒன்றாக வர்த்தி ஏற்றும் திருவருகை வளையத்துக்கு நான்கு வர்த்திகள், மூன்று ஊதாவும் மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறமும். நடுவில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வெள்ளை வைப்பதும் உண்டு. இந்த வளையத்தின் தொடக்கம் அலங்காரம் அல்ல. 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்தியும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்தியும் நட்டு வைத்தார் என்பது வரலாறு. அதாவது அது ஒரு நாள்காட்டி. எரியும் கணக்கு தப்பினால் நாள்காட்டியும் தப்பும்.

அந்தக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் ஞாயிறு ஏற்றிய வர்த்தி அடுத்த மூன்று ஞாயிறுகளிலும், கிறிஸ்துமஸ் அன்றும் எரியும். வழிபாடு ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். 2.2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கெட்டித் தேன்மெழுகு வர்த்தி மணிக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை குறையும். தாளாகக் கிடைக்கும் தேன்மெழுகைச் சுருட்டிச் செய்தது, நடுவே காற்று சிக்கியிருப்பதால், இன்னும் வேகமாக எரியும். மணிக்கு 3 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு 15 சென்டிமீட்டர். கடைசி நாளில்கூடச் சுடருக்கும் பச்சை இலைக்கும் நடுவில் 8 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். தண்டின் குழிக்குள் 2.5 போகும். ஆக 25.5, வெட்டும்போது 26. மெழுகுத் தாள் வழக்கமாக 20க்கு 40 சென்டிமீட்டர் அளவில் வருகிறது. அதை அப்படியே சுருட்டினால் 20 சென்டிமீட்டர் வர்த்திதான் வரும். நான்காம் ஞாயிறன்றே முதல் வர்த்தியில் அந்த 8 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சாது.

தாளின் 40 சென்டிமீட்டர் பக்கத்தை 26ஆக வெட்டிக்கொண்டு, 20 அகலத் துண்டுகள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாகச் சுருட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு முட்டவைத்து விரலால் அழுத்தினால் புடைப்பு தெரியாது. நான்கு வர்த்திக்கு எட்டுத் தாள், ஒன்று பழுதானால் மாற்ற இரண்டு, ஆகப் பத்து. மிஞ்சும் 14 சென்டிமீட்டர் பட்டைகளை எறிந்துவிடாதீர்கள். குழி சற்று அகலமாக இருந்தால் வர்த்தியின் அடியில் அதே மெழுகுப் பட்டையைச் சுற்றித் தடிமன் கூட்டலாம். காகிதத்தைச் சுற்றி இறுக்குவது கூடாது, வர்த்தி அடிவரை எரிந்தால் அது பற்றிக்கொள்ளும்.

சுருட்டும்போது முதல் சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சதுரப் பின்னல் பருத்தித் திரியைத் தாளைவிட 2 சென்டிமீட்டர் நீளமாக வெட்டி விளிம்பில் வைத்து, மெழுகு திரியை இறுகக் கவ்வும்படி விளிம்பை அதன் மேல் மடித்து நகத்தால் அழுத்த வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் சுடர் அந்த வழியாகக் கீழே இறங்கி, வர்த்தி ஒரு பக்கமாக உருகி வழியும். குளிர்ந்த அறையில் தாள் விரிசல் விடும். முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் ஓரிரு வீச்சு காட்டினால் வளைந்து கொடுக்கும். சில வாரத்தில் மேலே வெண்மையாகப் பூத்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது தேன்மெழுகின் இயல்பு, மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

அச்சில் வார்ப்பவர்களுக்குச் சில சொற்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். 70 முதல் 75 பாகையில் வார்த்தால் போதும், 85ஐத் தாண்டினால் நிறம் கறுக்கத் தொடங்கும். நேரடித் தீயில் உருக்கக் கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் மெழுகு சிதறிப் பரவும். மூடி போட்டு மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழும், அதற்கென்று கொஞ்சம் மெழுகை ஒதுக்கிவைத்து இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். திரி மெலிந்தால் நடுவில் கிணறு தோண்டியதுபோல் எரிந்து தானே மூழ்கி அணையும். தடித்தால் கரி கக்கும், ஆலயச் சுவரே சாட்சி சொல்லும். நிறத்துக்குக் குழந்தைகளின் க்ரேயானைப் போடுவது இணைப்புகளில் அடிக்கடி வரும் யோசனை. அதிலுள்ள நிறமித் துகள் திரியை அடைத்துவிடும். மெழுகுக்கென்றே உள்ள சாயம் வேண்டும். எந்த முறையில் செய்தாலும் ஒரு வர்த்தியை வீட்டில் ஒரு மணி நேரம் எரித்து, எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்று அளந்துவிட்டுத்தான் மற்றதைக் கொடுக்க வேண்டும். ஏற்றும் முன் திரியை 6 மில்லிமீட்டராக நறுக்கச் சொல்லுங்கள்.

இப்போது உலாவுக்கு வருவோம். பைன் காய்களைப் பொறுக்குவதில் தவறில்லை, உடனே ஒட்டுவதில்தான் தவறு. பைன் காயின் செதில்கள் ஈரத்தில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். உதிர்ந்து எத்தனை நாளானாலும் இந்த அசைவு நிற்பதில்லை, உயிரில்லாத திசுவே ஈரத்தை இழுத்து விடுகிறது. மழைக்குப் பின் பொறுக்கிய மூடிய காயில் மணியும் ரிப்பனும் ஒட்டினால், இரண்டு நாளில் செதில் விரிந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும். காய்களை அலுமினியத் தாள் விரித்த தட்டில் பரப்பி, மின்அடுப்பில் (ஓவனில்) 95 பாகை செல்சியஸில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். செதில் விரியும், உள்ளே ஒளிந்த பூச்சி சாகும், பிசின் உருகிப் பளபளப்பாகப் படியும். இத்தனை சொன்ன பிறகும் ஒன்று பாக்கி. இந்தப் பிசின் நன்றாக எரியும். வர்த்தியின் காலைச் சுற்றிப் பைன் காய்களை அடுக்கிய படம் ஆண்டுதோறும் அச்சாகிறது. வாசல் மாலைக்கும் தொட்டில் குடிலுக்கும் பைன் காய் அழகு. சுடர் எரியும் வளையத்தில் அதற்கு இடமில்லை.

பச்சை இலைக்கும் இதே எச்சரிக்கை. திருவருகைக் காலம் 22 முதல் 28 நாள் வரை நீளும். வெட்டிய தழை ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். தொடக்கத்தில் கட்டிய வளையத்தைக் கடைசி வரை விட்டால், வர்த்தி குட்டையாகிவரும் அதே வாரங்களில் இலை சருகாகிவரும். இரண்டு முறையாவது தழை மாற்ற வேண்டும். அதைக் கணக்கில் வைத்து, வளையத்தைப் பரிசாகக் கொடுப்பவர்கள் மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டால் அதுதான் முழுப் பரிசு. வாராவாரம் வெளியே போய்வர ஒரு காரணமும் கிடைக்கும்.

கடல் ஒதுக்கிய மரக்கட்டையில் சிலுவை செய்வது இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. கட்டைக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பசை பிடிக்காது, ஆணி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் நீரை மாற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, நிழலில் இரண்டு முதல் நான்கு வாரம் காயவிட வேண்டும். கட்டையைத் தட்டினால் மாவு போல மெல்லிய தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே துளைக்கும் பூச்சி இருக்கிறது. அதை ஆலயத்துக்குள் கொண்டுபோனால் அடுத்தபடியாக அது பெஞ்சுகளில் குடியேறும்.

சிப்பி, சங்கு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உள்ளே உயிர் இருக்கிறதா, துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். கற்பவளங்களும் ராட்சதக் கிளிஞ்சல்களும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் உருவான சைட்டஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. தேனிலவுப் பயணத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டு பவளத்தை அனுமதிச் சீட்டில்லாமல் பெட்டியில் போட்டு வந்தால் விமான நிலையத்தில் விசாரணைதான். எடுக்கத் தக்க சிப்பியை, வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் நாற்றம் போகும். சுண்ணப் படிவத்தை நீக்க அதிலேயே வினிகரைச் சேர்ப்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும்.

இலை, பூ அழுத்திப் புத்தக அடையாள அட்டை செய்வது எளிது. பழைய நாளிதழ் இதற்கு மிகவும் உகந்தது (உங்கள் இதழுக்கு வாசகர்கள் கண்டுபிடித்த இரண்டாவது பயன் இது, கோபிக்க வேண்டாம்). நாளிதழ்த் தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் வெளிர்நிற இதழ்களில் மை ஒட்டும், இடையில் ஒரு வெற்று மெல்லிய தாள் வேண்டும். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றி, பிறகு இரண்டு மூன்று வாரம் பாரத்தின் அடியில் விட்டுவிடலாம். பூவின் நடுப்பகுதி தடிப்பாக இருந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும். ஈரம் போகாமல் லேமினேட் செய்தால் பழுப்பாகிவிடும். ஆலயத்தின் வாசகப் புத்தகத்துக்கு என்றால் அட்டையைவிட ரிப்பன் நல்லது. 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலம், பக்க உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், முனையைச் சாய்வாக வெட்டி லேசாகச் சூடு காட்டினால் பிரியாது. முனையில் உலோகச் சிலுவை தொங்கவிடாதீர்கள், மெல்லிய பக்கத்தைக் கிழிக்கும்.

ஜெபமாலை செய்பவர்கள் எண்ணிக்கையில் தடுமாறுவது வழக்கம். மொத்தம் 59 மணிகள். அருள் நிறைந்த மரியே செபத்துக்கு 53, கர்த்தர் கற்பித்த செபத்துக்கு 6. ஐந்து பத்துகள் என்று ஐம்பதை மட்டும் எண்ணிக்கொண்டு, சிலுவைக்கு அருகில் வரும் மூன்றை மறந்துவிடுவார்கள். ஆங்கிலிக்கன் மரபில் வேறு மாலை உண்டு. அதில் 33 மணிகள், ஏழு ஏழாக நான்கு கூட்டம், நான்கு பெரிய மணி, தொடக்கத்தில் ஒன்று. வயதானவர்களுக்கு 8 மில்லிமீட்டர் மணி விரலுக்குத் தட்டுப்படும், 6 நழுவும். பெரிய மணிகள் 10 இருந்தால் பார்க்காமலே வித்தியாசம் தெரியும். எலாஸ்டிக் நூலில் கோக்கவே கூடாது, இழுத்து இழுத்து ஒரு நாள் அறும், மணிகள் ஆலயம் முழுக்க உருளும். கம்பி வளையங்களைத் திறக்கும்போது பக்கவாட்டில் திருக வேண்டும், இரு முனையையும் பிரித்து இழுத்தால் வளையம் மறுபடி வட்டமாக மூடாது.

நட்சத்திரம் செய்ய விரும்புபவர்களுக்கு, எல்லாப் பக்கமும் கூம்புகள் நீட்டி நிற்கும் மொரேவியன் நட்சத்திரத்தைச் சிபாரிசு செய்வோம். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவிய சபையார் நடத்திய பள்ளியில் 1830களில் வடிவியல் பாடத்துக்காகப் பிறந்தது என்பார்கள். செய்து பார்த்தால் அது உண்மை என்று படும். இதன் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவம் இருக்கிறது, 18 சதுர முகம், 8 முக்கோண முகம். மேலே உள்ள ஒரு சதுரம் விளக்குக்கும் தொங்கவிடவும் திறந்திருக்கும். ஆக 17 சதுர அடிக் கூம்பு, 8 முக்கோண அடிக் கூம்பு. அடிப்பக்கம் 4 சென்டிமீட்டர், பக்க விளிம்பு 14 என்று வைத்தால் முடித்த நட்சத்திரம் சுமார் 37 சென்டிமீட்டர் வரும். முன்பு கொக்கியையும் மின்விசிறியையும் அளந்தது இதற்குத்தான். 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள தாள், ஒட்டுமடல் 7 மில்லிமீட்டர். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் கீறிக்கொண்டால் மடிப்பு கூர்மையாக விழும்.

எல்லா அடிப்பக்கமும் ஒரே அளவாக இருப்பதுதான் உயிர்நாடி. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கடைசிக் கூம்பு உட்காராது. சூட்டுப் பசைத் துப்பாக்கி இதற்கு ஆகாது, அதன் படலமே தடிமன் கூட்டிவிடும், விளக்கின் சூட்டில் இளகவும் செய்யும். வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவுங்கள். முதலில் எட்டுச் சதுரக் கூம்புகளை வளையமாக ஒட்டி, கீழ்ப்பக்கம் நான்கு சதுரம், நான்கு முக்கோணம் மாறி மாறி, நடுவில் ஒன்று என்று முடித்துவிட்டு, பிறகு மேல்பக்கம் வர வேண்டும். கடைசி மடல்களை அழுத்தத் திறந்த சதுரத்தின் வழியாக ஒரு விரலும் பென்சிலும்தான் நுழையும், ஒருவர் வெளியிலிருந்து பிடிக்க, மற்றவர் உள்ளே அழுத்த வேண்டும். எல்இடி விளக்கு மட்டுமே போடலாம், பழைய குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும்.

மரத்தில் தொங்கவிடச் சின்னங்கள் செய்பவர்களுக்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1957இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் டேன்வில் நகர லூத்தரன் ஆலயம் ஒன்றில் ஃபிரான்சஸ் கிப்ஸ் ஸ்பென்சர் என்ற பெண்மணி வெள்ளையும் பொன்னிறமும் மட்டும் கொண்ட, கிறிஸ்துவைக் குறிக்கும் ‘கிறிஸ்மன்’ சின்னங்களைத் தொடங்கிவைத்தார். மீன், நங்கூரம், ஆல்பா ஒமேகா போன்ற வடிவங்கள். இரண்டே நிறம் என்பதால் பல வீடுகளில் பலர் செய்தாலும் ஒரே கையால் செய்ததுபோல் ஒத்துப்போகும்.

ஒப்படைக்கும்போது வழிபாட்டு நாளின் காலையில் பரபரப்பில் நீட்டாமல், இரண்டு நாள் முன்பே கொடுங்கள். வர்த்தியைத் தண்டில் பொருத்திப் பார்க்க அவகாசம் வேண்டும். கூடவே ஒரு சிறு சீட்டு. துணி என்றால் எந்த இழை, எந்தச் சூட்டில் துவைக்கலாம் என்று எழுதுங்கள். வர்த்தி என்றால் மணிக்கு எவ்வளவு குறையும் என்று. நட்சத்திரம் என்றால் எத்தனை வாட் விளக்கு என்று. உங்கள் பெயரைப் பொருளின் மேல் எழுதும் ஆசை இருந்தால் இந்தச் சீட்டில் எழுதித் தீர்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது படத்தின் அடியில் மூன்று எண்களாவது அச்சிடுங்கள்: முடித்த பின் அளவு, காய வேண்டிய நாள், சுடர் என்றால் எரியும் நேரம். வர்த்தியைச் சுற்றிப் பைன் காய் அடுக்கிய அந்தப் படத்தை மட்டும் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆலயத் துணிகளையும் விளக்குகளையும் பராமரிக்கும் பணிக்குழுவினர்